பதினெட்டாம் வரி

என் மனைவி புஷ்பமேரி மூன்று வயதில் செத்துப்போனவள். இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்றே, காபி டம்ளரைக் கொடுத்த கையோடு, அவளுடைய அம்மா சவரியம்மாள் சொல்லிவிட்டார்.

"தம்பி, இவ செத்துப் பொழச்சவ. நாளைக்கு ஊர்க்காரவுக சொல்லித் தெரிய வேணாம். நானே சொல்லிப்புட்டேன்."

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சாணார்பட்டி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்தாலும் என்னிடம்தான் வரும். எரிந்ததைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றி ஓடவிடுகிறவனுக்கு, செத்துப் பிழைத்தவள் என்பதில் என்ன பயம் இருக்கப் போகிறது. "சரிங்கத்தே" என்றேன்.

எனக்கு உறுத்தியது வேறு. ஞானஸ்நானச் சீட்டின்படி அவளுக்கு இருபத்தைந்து வயது. என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆளைப் பார்த்தால் அப்படி இல்லை. அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை மாதிரி இருந்தாள். என் அப்பா அதை வாய்விட்டே கேட்டார்.

"செத்துப் பொழச்ச ஒடம்பு மாமா. மூணு நாலு வருசம் வளர்த்தியே நின்னுபோச்சு" என்றார் அவளுடைய அப்பா மரியசூசை உபதேசியார்.

உபதேசியார் என்றால் கோயிலில் சாமியாருக்கு அடுத்த ஆள். சாமியார் ஊரில் இல்லாதபோது செபம் சொல்வார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் கோயில் பதிவேட்டில் எழுதி வைப்பார். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. என் அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். கல்யாணம் ஆன பிறகு நான் அவளைச் சீண்டுவதற்கு அந்த ஒரு வயது போதுமானதாக இருந்தது. சோறு குழைந்துவிட்டால், "பெரியவுக செஞ்சா சரியாத்தேன் இருக்கும்" என்பேன். அவளும் விடமாட்டாள். "பெரியவுக சொன்னா சின்னப் பய கேக்கணும். தண்ணிக் கொடத்தத் தூக்குங்க" என்பாள்.

ஊர் அறிந்த கதை இவ்வளவுதான். எழுபத்திரண்டு நவம்பரில் பெரிய மழை. வாந்திபேதி பரவியது. உபதேசியாரின் ஒரே பிள்ளையைத் திண்டுக்கல்லுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை போய்விட்டது என்று ஊருக்குச் சேதி வந்தது. அந்த மழையில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. வாந்திபேதிச் சாவு என்றால் அப்போது ஒருவரும் கிட்டே போகமாட்டார்கள். உபதேசியாரும் மனைவியும் வீட்டுக்கே திரும்பவில்லை. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்கு அருகே ஒரு சின்னக் கோயிலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் புஷ்பமேரி இருந்தாள். துணியைப் போர்த்திய பிறகு மூச்சு வந்தது என்று சவரியம்மாள் சொன்னார். பத்து வயதுப் பிள்ளை ஆறு வயது உயரத்தில் நின்றதைப் பார்த்து ஊர் நம்பிவிட்டது. பத்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பேர் 'பொழச்ச மேரி.'

அந்தப் பேர்தான் அவள் பிழைப்பாகவும் ஆனது. பிழைப்பு என்றால் சம்பாத்தியம் இல்லை. ஊரில் அவளுக்கு இருந்த இடம். ஒரு தடவை கொண்டுபோய்த் திருப்பி விட்ட ஆளைச் சாவு மறுபடி தொடாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குளிப்பாட்ட இவளைத்தான் கூப்பிடுவார்கள். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்று கிடையாது. தண்டவாளத்தில் விழுந்தவன், கிணற்றில் மூன்று நாள் ஊறியவள், எதற்கும் இவள் கை நடுங்கியதில்லை. போகும்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, பசிக்கிறது என்று உட்கார்ந்து சாப்பிடுவாள். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் நிற்கவில்லை என்றாலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக் கொடுப்பாள். பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளும். பிழைக்காததை யாரும் பேசமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்து அவள் தனக்கென்று வைத்திருந்தது இரண்டே பொருள். ஒன்று, ஒரு பழைய போட்டோ. அம்மா மடியில் மூன்று வயதுப் பிள்ளை, பக்கத்தில் உபதேசியார். மூச்சு வந்த அன்றே திண்டுக்கல் ஸ்டுடியோவில் எடுத்தது என்று அத்தை சொல்வார். அந்தப் பிள்ளையின் கண் எனக்குப் பிடிக்காது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நம்மைப் பார்க்காது. அதனால் படத்தைப் பீரோவுக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, ஒரு மண்மேடு. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தெற்குச் சுவர் ஓரம், வேம்புக்குக் கிழக்கே, முழங்கை நீளத்துக்கு ஒரு மேடு. பேரும் இல்லை, சிலுவையும் இல்லை. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாள் அன்று, அத்தை அதில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். "கேக்க ஆளில்லாத ஆத்துமாவுக்கு" என்பார். அவர் காலத்துக்குப் பிறகு இவள் ஏற்றினாள். நிலக்கோட்டையிலிருந்து வரும் மல்லிகையில் ஒரு முழம் அந்த மேட்டுக்கு என்று தனியாக எடுத்து வைப்பாள்.

இனி போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்டோபரில் கோயில் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துப் புத்தகங்கள். கரையான் தின்றது போக மிச்சம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் வேலை. கரண்ட் ஏறி இறங்கினால் மெஷின் கெட்டுவிடும் என்று பங்குச் சாமியார் ராயப்பராஜ் என்னைக் கூப்பிட்டார். ஸ்டெபிலைசரும் பேட்டரியும் மாட்டிவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். புஷ்பமேரி கோயிலைக் கூட்டித் துடைக்கிறவள். பக்கங்களைத் தூரிகையால் தட்டித் தூசி எடுத்துப் புரட்டிக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

மெஷினை நடத்தியது அனிஷா என்ற பெண். மதுரையில் படித்தவள், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், வாய் ஓயாது. பூசைச் சாமான் அறையின் ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால் மறைத்துவிட்டாள். பட்டப்பகலில் உள்ளே இருட்டு. புத்தகத்தைப் பாதி திறந்தபடி தாங்கிக்கொள்ள ஒரு தொட்டில் மாதிரி, அதற்கு மேலே இரண்டு காமிரா. எடுத்த படத்திலிருந்து கையெழுத்தைப் படித்து அச்செழுத்தாக்க ஒரு புரோகிராம். முதலில் அது ஒவ்வொரு கையெழுத்தையும் பழகிக்கொள்ளுமாம். எழுதியவர் பேர் அதற்குத் தெரியாது. கை ஒன்று, கை இரண்டு என்று நம்பர் போடும். என் மாமனார் எழுதிய பக்கங்கள் வந்ததும் 'கை நான்கு' என்று காட்டியது.

"எங்கப்பா தாயி அது" என்றாள் புஷ்பமேரி.

"உங்கப்பா எழுத்து அழகுக்கா. மெஷினு நாப்பது பக்கத்துலயே கத்துக்கிருச்சு. இனி அவரு எழுதாததக் கூட அவரு கையில எழுதச் சொன்னா எழுதும்."

அனிஷா விளையாட்டாகத்தான் சொன்னாள். இருட்டுக்குள் அது எனக்கு நன்றாகப் படவில்லை. அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை அறுபத்தொன்பதாம் வருஷ ஞானஸ்நானப் பதிவேடு. புஷ்பமேரியின் வரி வந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குக் கல்யாணம் ஆனால், அவருடைய ஞானஸ்நான வரியின் ஓரத்தில் இன்ன தேதியில் இன்னாரோடு கல்யாணம் என்று குறித்துவைப்பார்கள். அவள் வரியின் ஓரத்தில் என் பேர் இருந்தது. மாமனாரின் கையெழுத்து. விரலால் தொட்டுக் காட்டினாள். "பாருங்க, உங்களைய ஓரமா ஒதுக்கி வச்சிருக்காரு." நான் சிரித்தேன். அறையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

புதன்கிழமை அடக்கப் பதிவேடு. எழுபத்திரண்டாம் வருஷப் பக்கத்தில் பதினேழாம் நம்பருக்கு அடுத்துப் பதினெட்டு என்று போட்டிருந்தது. எதிரே வெறும் வரி. அடுத்தது பத்தொன்பது. புஷ்பமேரி விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த எடத்துல காயிதம் மெலிசா இருக்கு தாயி. சொரண்டி இருக்காக."

"அப்ப நம்ம விளக்கப் போடுவம்" என்றாள் அனிஷா.

அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் தருகிற விளக்கு. மற்ற விளக்கை எல்லாம் அணைத்தாள். காகிதம் நீலமாக, மீன் வயிறு மாதிரி மினுங்கியது. அனிஷாவின் பல், புஷ்பமேரியின் நகம், என் வேட்டிக் கரை எல்லாம் நீலம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வெறும் வரியில், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவது போல, எழுத்து வந்தது. சுரண்டினாலும் மை காகிதத்துக்குள் இறங்கி இருக்குமாம். மெஷின் அதைப் படித்து ஸ்க்ரீனில் அச்செழுத்தாகக் காட்டியது.

பதினெட்டு. புஷ்பமேரி. மரியசூசை, சவரியம்மாள் மகள். வயது மூன்று. வாந்திபேதி. அடக்கம் தெற்குச் சுவர், வேம்புக்குக் கிழக்கே. எழுதியது, கை நான்கு.

அனிஷா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மெஷின் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. ஒரே ஆளைப் பற்றி எங்கெங்கே எழுதியிருந்தாலும் தேடிச் சேர்த்து ஒரே அட்டையில் போடுவது அதன் குணம். அவள் அட்டை வந்தது. ஞானஸ்நானம் அறுபத்தொன்பது. அடக்கம் எழுபத்திரண்டு. கல்யாணம் தொண்ணூற்றைந்து. பிறகு எங்கள் மகன் ஞானஸ்நானம், எங்கள் மகள் ஞானஸ்நானம், இரண்டிலும் தாய் புஷ்பமேரி. அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: இறப்புக்குப் பின் மூன்று நிகழ்வுகள். சரிபார்க்கவும்.

சிரித்தது அவள் மட்டும்தான்.

"இதுல என்ன சரி பாக்கிறது. நாஞ் செத்தது ஊருக்கே தெரியும். எங்கப்பா எழுதுனாரு. எந்திரிச்சிட்டேன். சொரண்டிட்டாரு."

அனிஷா என்னைப் பார்த்தாள். நான் புஷ்பமேரியைப் பார்த்தேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் ஸ்க்ரீனில் ஒரே இடத்தில் நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அடக்கத்தை எழுதுவது அடக்கம் முடிந்த பிறகு. தெற்குச் சுவர், வேம்புக்குக் கிழக்கே என்று இடம் எழுத வேண்டும் என்றால் அங்கே குழி தோண்டி மூடியிருக்க வேண்டும்.

அந்த மேட்டில் இவள் ஏற்றிய மெழுகுவத்திகளை நான் கணக்குப் பார்த்தேன். கடையில் வாங்கிவந்தது நான்தான்.

அன்று சாயங்காலம் சாமியார் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், சண்டை சச்சரவு பிடிக்காதவர்.

"ஸ்தோத்திரம் சாமி."

"ஸ்தோத்திரம். உக்காரும்மா. அனிஷா சொன்னுச்சு. இது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள அட்டைய முடிச்சு அனுப்பணும். ஒங்கப்பாவே அடிச்ச வரி. அடக்கம் தவறுதலா எழுதப்பட்டதுன்னு குறிச்சுட்டா, மெஷினு அந்த வரிய எடுத்துரும். சிவப்பும் போயிரும். கோயிலுக்கும் ஒண்ணுமில்ல, ஒனக்கும் ஒண்ணுமில்ல."

"எடுக்காட்டி சாமி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுக்காட்டி, அந்த ஞானஸ்நானம் செத்த பிள்ளையோடது. அப்ப நீ யாருன்னு கேள்வி வரும். நீ ஞானஸ்நானம் வாங்கினதுக்கு வேற எங்கயும் எழுத்து இல்ல. பாலசமுத்திரம் பக்கத்துப் புத்தகத்தையும் கேட்டுப் பாத்தேன். ஒன் பேரு இல்ல."

அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எப்போதும் என் தோளைப் பிடிப்பாள். அன்று பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு என்னவோ தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பீரோவிலிருந்து போட்டோவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குடி அது?"

"நாந்தானான்னு பாக்கணும்."

அனிஷா போட்டோவைக் காமிராவுக்குக் கீழே வைத்தாள். ஸ்க்ரீனில் பிள்ளையின் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. முதலில் கண்ணுக்குப் போனாள். பெரிதாக்கப் பெரிதாக்க, எனக்கு ஏன் அந்தக் கண் பிடிக்காமல் போனது என்று தெரிந்தது. அது கண்ணே இல்லை. மூடிய இமைக்கு மேலே தூரிகையால் வரைந்திருந்தார்கள். முடியை விட மெல்லிய கோடுகள். கறுப்பு விழி, அதற்குள் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கோட்டுக்கு நடுவே இமை முடி தெரிந்தது.

"அந்தக் காலத்துல ஸ்டுடியோல செய்வாகக்கா" என்றாள் அனிஷா மெதுவாக. "செத்தவுகளுக்கு..." மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

புஷ்பமேரி ஸ்க்ரீனுக்குக் கிட்டே போனாள். கண்ணைப் பார்க்கவில்லை. "காதக் காட்டு தாயி" என்றாள்.

பிள்ளையின் வலது காது. மேல் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு இல்லை. நாயோ எதுவோ கடித்து எப்போதோ ஆறிப்போன காது. அச்சுப் படத்தில் அது வெறும் நிழல் மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் யாரும் பார்க்கவில்லை.

புஷ்பமேரி என் பக்கம் திரும்பினாள். முந்தானையை ஒதுக்கி வலது காதைக் காட்டினாள். அந்தக் காதை நான் அறிவேன். கல்யாணத்தன்று அவளுக்குத் தோட்டுத் திருகாணி இறுகிப்போய், நான் குறடு வைத்துத் திருகி எடுத்த காது. முழுக் காது. மடல், விளிம்பு எல்லாம் பிறந்தபடி இருந்தது.

"காது மொளைக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"மொளைக்காது" என்றேன்.

எங்கள் தொழிலில் சில மோட்டார் வரும். மேலே பழைய கம்பெனியின் பேர்த்தகடு இருக்கும், நம்பர் இருக்கும். பிரித்தால் உள்ளே வேறு கம்பி, வேறு சுற்று. எவனோ எப்போதோ முழுசாக மாற்றியிருப்பான். தகட்டை மட்டும் கழற்றியிருக்கமாட்டான். அது என் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் மகன் பிறந்தபோது சவரியம்மாள் குழந்தையைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "எல்லாரும் ஒரு தடவதான் வருவாக. ஓம் பொஞ்சாதி என் வயித்து வழியா ரெண்டு தடவ வந்தா." ஏதோ வயதானவர் பேச்சு என்று விட்டுவிட்டேன். எழுபத்திரண்டு நவம்பரில், ஒருவரும் கிட்டே வராத அந்த மழையில், மூத்தவளை ராவோடு ராவாக இங்கே கொண்டுவந்து குழியில் வைத்து, வரியையும் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். எழுபத்து மூன்று ஆகஸ்டில் இவள் பிறந்திருக்க வேண்டும். செத்த பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் ஆட்களிடம் எப்போதும் உண்டு. அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தை பேரை மட்டும் வைக்கவில்லை. அதே பிள்ளைதான் வந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். அதே பிள்ளை என்றால் இன்னொரு ஞானஸ்நானம் எதற்கு. உபதேசியார் இங்கே திரும்பி வந்ததும் பிளேடை எடுத்து அந்த வரியைச் சுரண்டியிருக்கிறார். தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே.

அவர் பொய் சொன்னார் என்று எனக்கு இன்றும் வாய் வரவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்தாரா, அவரும் நம்பினாரா, தெரியாது.

அன்று மத்தியானம் வீட்டு வாசலில் பானுப்ரியா நின்றாள். அடுத்த தெரு, தக்காளித் தோட்டத்துக்காரர் மருமகள். தோளில் எட்டு மாதப் பிள்ளை, காய்ச்சலில் துவண்டு கிடந்தது.

"அக்கா, ரெண்டு நாளாச்சு. செத்த நேரம் தொட்டுக் குடுங்கக்கா."

புஷ்பமேரியின் கை பாதி தூரம் போய் நின்றது. அந்தக் கை நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"தொட்டுட்டா கொண்டு போறேன்."

"நாந் தொட்டு ஒண்ணும் ஆகாது பானு. நானும் ஒன்னிய மாதிரி ஒரு தடவ பொறந்தவதான். போ. இவுக வண்டியில கொண்டு விடுவாக."

பானுப்ரியா என்னை முறைத்தாள், நான்தான் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்கிற மாதிரி. பிள்ளையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டு வந்தேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று சாயங்காலமே ஊருக்குள், பொழச்ச மேரி தொடமாட்டேன்னுட்டா என்று பேச்சாகிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெஞ்சனம் அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது. அணைத்தேன்.

"சாமி சொன்ன மாதிரியே விட்டுரு" என்றேன். "ஓம் பேரும் இருக்கும், எம் பேரும் ஓரத்துல இருக்கும். அது செத்து அம்பது வருசமாச்சு. யாரு கேக்கப் போறா?"

"அதான. கேக்க ஆளில்லாத ஆத்துமா." சுவரைப் பார்த்தபடி பேசினாள். "ஒரு வரிதாங்க அதுக்கு இருந்துச்சு. அதையும் சொரண்டி எனக்குக் குடுத்துட்டாக. அது பேரு, அது ஞானஸ்நானம், அது வயசு. அந்தப் போட்டோவக் கூட எம் போட்டோன்னாக. இப்ப மெஷின விட்டு மறுபடியும் சொரண்டச் சொல்றீக."

"ஒன்னிய யாருன்னு கேப்பாகளே."

"கேக்கட்டும். எனக்கே தெரியல." கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்புட்டுப் பொணத்தக் குளிப்பாட்டி இருக்கேன். ஒண்ணுக்கும் பயந்ததில்ல. இன்னைக்குக் கையப் பாக்கப் பயமா இருக்குங்க."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அது தண்ணீரில் கிடந்த கை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. அறைக்குள் சாமியாரும் இருந்தார். புஷ்பமேரி நேராகச் சொன்னாள்.

"அடக்கம் உண்மைதான் சாமி. பதினெட்டாம் வரி அப்படியே இருக்கட்டும். ஞானஸ்நானமும் அதுக்கே இருக்கட்டும். கல்யாணத்த மட்டும் அது ஓரத்துல இருந்து எடுத்துருங்க. மூணு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணம் வேணாம்."

சாமியார் குனிந்து, அந்த வரியின் ஓரத்தில் இருந்த என் பேரைப் பார்த்தார். பிறகு, "அப்ப ஒனக்கு?" என்றார்.

"எனக்கு நீங்க ஊத்துங்க."

முதலில் ஆயரிடம் போனில் கேட்டார். ஏற்கெனவே வாங்கியிருக்கலாமோ என்று ஐயம் உள்ளவர்களுக்கு நிபந்தனையோடு ஞானஸ்நானம் கொடுக்கும் முறை சபையில் உண்டாம். மத்தியானத்துக்குள் அனுமதி வந்தது. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்குக் கோயில் தொட்டியில் தண்ணீர் ஊற்றியபோது சாட்சிக்கு நின்றது அனிஷாவும் நானும்தான். பேர் என்ன வைக்கட்டும் என்று சாமியார் கேட்டார்.

"அதே பேருதான். செத்த பிள்ளை பேர அடுத்த பிள்ளைக்கு வைக்கிறதுதான நம்ம வழக்கம். இப்பத்தான் ஒழுங்கா வைக்கிறோம்."

தண்ணீர் நெற்றியில் விழுந்தபோது அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. சவங்களுக்கு அத்தனை குடம் ஊற்றியவள்.

புது வரியைச் சாமியார் எழுதினார். ஓரத்தில் என் பேரையும் எழுதினார். அனிஷா அதைப் படம் எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாள். அது தன் குணத்தைக் காட்டியது. ஒரே பேர், ஒரே அப்பா, ஒரே அம்மா. ஸ்க்ரீனில் இரண்டு அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. நடுவில் ஒரு கேள்வி: இருவரும் ஒரே நபரா? கீழே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

ஐம்பது வருஷமாக ஊர் கேட்காத கேள்வி. அனிஷா மவுஸை நகர்த்தப் போனாள். புஷ்பமேரி அவள் கையைத் தடுத்தாள்.

"எங்க அமுக்கணும்னு காட்டு தாயி."

காட்டினாள். அவள் விரல் அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. நான் ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை. அவள் 'இல்லை'யை அமுக்கினாள். இரண்டு அட்டைகளும் விலகின. ஒன்றில் இரண்டே வரி. ஞானஸ்நானம், அடக்கம். அது அப்படியே முடிந்து நின்றது.

அதற்கு அடுத்த வாரம் நவம்பர் இரண்டு. சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி, மல்லிகை, சாம்பிராணி. எத்தனையோ பிரேதங்களோடு அவள் முன்னால் நடந்துபோன வாசல் அது. அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, கையப் பிடிங்க."

பிடித்துக்கொண்டேன். தெற்குச் சுவர் வரைக்கும் விடவில்லை. வழியில் இரண்டு பேர் பேசாமல் விலகி நின்றார்கள். முன்பெல்லாம் கும்பிடுவார்கள்.

வேம்புக்குக் கிழக்கே அந்த மேட்டில் நான் முந்தின நாளே ஒரு சிலுவை நட்டிருந்தேன். கொட்டகையில் கிடந்த இரும்புப் பட்டையில் வெல்டிங் வைத்தது. புஷ்பமேரி, 1969 – 1972 என்று எழுதியிருந்தேன். தன் பேரை அதில் பார்த்ததும் அவள் பிடி இறுகியது. பிறகு குனிந்து மல்லிகையைச் சுற்றினாள். மெழுகுவத்தியை ஏற்றினாள். எனக்கு என்னவோ அந்த மேட்டுக்குக் கீழே ஒன்று இத்தனை வருஷமும் கூப்பிடுவார்கள் என்று காத்துக் கிடந்த மாதிரி இருந்தது. வெயில் இறங்கிவிட்டது.

நரை விழுந்த தலையைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய், மூன்று வயதுப் பிள்ளையின் சிலுவையைத் தொட்டு, அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா. நான் ஒனக்கு அடுத்தவ."